தொட்டில் முதல் கைத்தடி வரை: சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு உளவியல் பாடம் எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் அம்மாப்பேட்டை, குகை, சிவதாபுரம் பக்கம் பெற்றோர் கூட்டங்களுக்குப் போவேன். மாதம் ஒருமுறை ஏற்காட்டுக்கும் பஸ் ஏறுவேன். எங்கே போனாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டேன்.

வளர்ச்சி உளவியல்னா குழந்தை வளர்க்கறதைப் பத்தின படிப்புதானேங்க மேடம்?

குழந்தையில் தொடங்குகிறது, அங்கேயே முடிவதில்லை. கருவில் இருக்கும் நாள் முதல் கடைசி மூச்சு வரை ஒருவரின் உடல், அறிவு, உணர்ச்சி, உறவு எல்லாம் எப்படி மாறுகின்றன, எது மாறாமல் நிற்கிறது, ஏன் என்று பார்க்கிற படிப்பு இது.

நம் இலக்கியத்திலும் இந்தக் கணக்கு உண்டு. பிள்ளைத்தமிழ் குழந்தைப் பருவத்தை மட்டுமே பத்தாகப் பிரிக்கிறது. பெண்ணின் வாழ்க்கையைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழாக வகுத்தார்கள். வழக்கமாகச் சொல்லும் கணக்கில் பேரிளம்பெண் 40 வயதோடு முடிந்துவிடுகிறாள். அதற்கு மேல் பெயரே கிடையாது. மேலைநாட்டு உளவியலும் வெகுகாலம் விடலைப் பருவத்தோடு ஏட்டை மூடிவைத்தது. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் 1950-இல், வளர்ச்சியை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து முதுமை வரைக்கும் நீட்டினார். பிறகு ஜெர்மனியின் பால் பால்டஸ், எந்த வயதிலும் வரவும் உண்டு, இழப்பும் உண்டு என்று வலியுறுத்தினார். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

பக்கத்து வீட்டுப் பாப்பா பத்து மாசத்துல நடந்துடுச்சு. என் பையனுக்குப் பதினாலு மாசம், இன்னும் சுவத்தைப் பிடிச்சுட்டு நிக்கறான். ஏதாச்சும் குறையாங்க?

பதினான்கு மாதத்தில் சுவரைப் பிடித்து நிற்பது முற்றிலும் இயல்பு. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நலமாக வளரும் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் வெளியிட்ட அளவுகளில், தனியாக நடக்கத் தொடங்கும் காலம் ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17 மாதத்தைத் தாண்டியும் நீள்கிறது. சில குழந்தைகள் தவழாமலே எழுந்து நடந்துவிட்டன. 'இந்த மாதத்தில் இது' என்று பஸ் நேரம் போல யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வளர்ச்சிக்கு வரிசை உண்டு, வீச்சு உண்டு, ஒற்றைத் தேதி கிடையாது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. 18 மாதம் முடிந்தும் நடக்கவில்லை, 12 மாதத்தில் மழலை ஒலியே இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, 2 வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வதில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த வயதிலும் ஏற்கெனவே வந்த பேச்சோ பழக்கமோ திடீரென்று நின்றுபோனால் அன்றே கிளம்புங்கள். 'இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு' என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டு வந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்துவிடும். சீக்கிரம் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

இன்னொன்று. குழந்தையை உள்ளே உட்காரவைக்கும் பிளாஸ்டிக் வாக்கர் நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படியில் உருண்டு விழ வைக்கும். பின்னால் நின்று தள்ளுகிற பழைய மர நடைவண்டி அதைவிட எவ்வளவோ மேல்.

வீட்டுல சௌராஷ்ட்ரா பேசறோம், தெருவுல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ். மூணு பாஷையில புள்ள குழம்பிப் போய்த்தான் பேச்சு வரலைன்னு சொல்றாங்களே?

பல மொழி கேட்பதால் பேச்சு நின்றுபோவதில்லை. ஒரே வாக்கியத்தில் மூன்று மொழியைக் கலப்பதும் கோளாறு அல்ல. கையில் இருக்கிற சொல்லைப் போட்டு வேலையை முடிக்கிறது குழந்தை, அவ்வளவுதான். சொற்களை எண்ணும்போது மூன்று மொழியையும் கூட்டி எண்ணுங்கள். அப்படிக் கூட்டியும் மிகக் குறைவு என்றால் மேலே சொன்ன அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், காது கேட்கும் திறனையும் சோதியுங்கள். தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளுக்கும் இதே பதில்தான்.

எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வு இருக்கிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் நடத்தி 1984-இல் வெளியிட்டது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் ஆறேழு மாதக் குழந்தைகள், இந்தியில் உள்ள த, ட ஒலிகளைப் பிரித்தறிந்தன. அந்தக் குழந்தைகளின் அப்பா அம்மாவுக்கே அந்த வேறுபாடு கேட்காது! அதே மொழிச் சூழலில் வளர்ந்து முதல் பிறந்தநாளை நெருங்கிய குழந்தைகளால் அதைப் பிரிக்க முடியவில்லை. கேட்காத ஒலியைக் காது மெல்லக் கைவிடுகிறது. அதனால் ஆயாவின், அதாவது பாட்டியின், மொழியை வீட்டில் நிறுத்தாதீர்கள்.

போனைக் காட்டினாத்தான் சாப்பிடறா. எவ்வளவு நேரம் வரைக்கும் பரவால்லைங்க?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: 2 வயது வரை வேண்டாம், 2 முதல் 4 வயதுக்கு நாளுக்கு 1 மணி நேரத்துக்குள், அதிலும் குறைந்தால் நல்லது. சாப்பாட்டு நேரம்தான் குழந்தை முகம் பார்த்துப் பேசக் கற்கும் நேரம். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியபோது கூடவே பேச்சும் போனது. போன் அந்தப் பேச்சின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் என் கவலை.

நான் காலைல வேலைக்குப் போயிடறேன். ஆயாதான் பாத்துக்கறாங்க. நாளைக்கு எங்கிட்ட ஒட்டுதல் இல்லாம போயிடுமா?

போகாது. ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மருத்துவர், பயமோ வலியோ வந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பது குழந்தைக்குப் பசியைப் போன்ற அடிப்படைத் தேவை என்றார். இதைத்தான் பற்றுறவு என்கிறோம். அந்த ஆள் ஒரே ஒருவராக இருக்க வேண்டியதில்லை. கிளாஸ்கோவில் ஷாஃபரும் எமர்சனும் 60 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 1964-இல் எழுதினார்கள்: ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு அம்மா, அப்பா, பாட்டி என்று பலரிடம் பற்று வந்துவிட்டது. எத்தனை மணி நேரம் பக்கத்தில் இருந்தார்கள் என்பதைவிட, குழந்தையின் அழுகைக்கும் சிரிப்புக்கும் எவ்வளவு சரியாகப் பதில் கொடுத்தார்கள் என்பதே பெரிதாகத் தெரிந்தது.

மேரி எய்ன்ஸ்வொர்த் முதலில் உகாண்டாவிலும் பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய் சேய்களைக் கவனித்தவர். அவருடைய புகழ்பெற்ற சோதனையில் அம்மா சற்று நேரம் அறையை விட்டுப் போய்த் திரும்பி வருவார். போகும்போது எவ்வளவு அழுகிறது என்பதைவிட, திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதையே அவர் முக்கியமாகப் பார்த்தார். ஓடிவந்து தூக்கச் சொல்லி, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போனால் பற்று உறுதியாக இருக்கிறது. சாயங்காலம் செருப்பைக் கழற்றும் முன்பே காலைக் கட்டிக்கொள்கிறானா? நீங்கள் கவலைப்பட ஒன்றும் இல்லை.

எட்டாம் மாதத்துக்கு மேல் புதியவர்களைக் கண்டு வீறிடுவதும், ஒன்றரை வயது வரை அம்மாவை விட்டு நகராததும் செல்லம் கொடுத்துக் கெட்டதால் அல்ல. 'இவர் நம்மவர், இவர் இல்லை' என்று பிரித்துப் பார்க்கும் அறிவு வந்திருக்கிறது.

தத்து எடுத்த புள்ளைங்க. ஒன்றரை வயசுலதான் எங்க கைக்கு வந்தா. பெத்த புள்ள மாதிரி ஒட்டுவாளா?

இந்தக் கேள்வியை நம் ஊரில் மெதுவான குரலில்தான் கேட்கிறார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது இந்தச் சேலத்தில்தான். தத்துக்கு வந்த பிள்ளைகள் நம் தெருக்களிலேயே வளர்ந்து பெரியவர்களாகியிருக்கிறார்கள். கூச்சப்பட ஏதுமில்லை.

ஒட்டுவாள். ருமேனியாவில் மோசமான நிலையில் இருந்த அநாதை இல்லங்களிலிருந்து 1990-களில் இங்கிலாந்துக்குத் தத்துப்போன குழந்தைகளை மைக்கேல் ரட்டர் குழுவினர் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 6 மாதத்துக்குள் குடும்பத்துக்கு வந்த குழந்தைகள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேலும் இல்லத்தில் கிடந்தவர்களில் பலர் நன்கு தேறினாலும் சிலருக்குச் சிரமங்கள் நீடித்தன. புக்காரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை வைத்து நடந்த இன்னோர் ஆய்வில், 2 வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களின் பற்றுறவு நன்றாக மேம்பட்டது. ஒருநாளைக்கு ஒரு முகம், யாரும் தூக்குவதில்லை என்ற நிலைதான் அங்கே கெடுதல் செய்தது. உங்கள் மகள் அந்த வயதுக்குள் வந்துவிட்டாள், அங்கு இருந்தவரை நன்றாகக் கவனிக்கப்பட்டும் இருக்கலாம். தொடக்கத்தில் எல்லோரிடமும் போவாள், அல்லது யாரிடமும் போக மாட்டாள். சில மாதங்கள் பார்த்துக்கொள்ளும் கைகளை மாற்றாதீர்கள். தத்து என்ற செய்தியை அவள் சின்ன வயதிலேயே கதைபோலச் சொல்லத் தொடங்குங்கள். கல்யாண வீட்டில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்வது மிகப் பெரிய காயம்.

அஞ்சு வயசாகுது. கண்ணு முன்னாடியே எண்ணிக் காட்டினாலும் தப்பாவே சொல்றா. மண்டைல ஏறலையா, பிடிவாதமா?

இரண்டும் இல்லை. சிவதாபுரத்தில் கொலுசு வேலை செய்யும் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆயா தரையில் துணி விரித்து, சலங்கை மணிகளை ஏழு ஏழாக இரண்டு வரிசை வைத்தார். ஐந்து வயதுப் பேத்தி இரண்டையும் எண்ணி 'ஒண்ணாத்தான் இருக்கு' என்றாள். ஆயா கீழ் வரிசையை மட்டும் விரலால் நகர்த்தி அகலமாக்கினார். 'இப்ப?' 'இதுலதான் நிறைய.' எண்ணச் சொன்னோம், ஏழு என்றாள், ஆனாலும் 'இதுலதான் நிறைய, நீளமா இருக்கே' என்றாள். பாயில் படுத்திருந்த அவளுடைய எட்டு வயது அக்கா தலையைத் தூக்கி, 'யாரும் எடுக்கவும் இல்ல, வைக்கவும் இல்ல, எப்படிடி நிறையாகும்?' என்றாள்.

சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே கண்டது இதைத்தான். சுமார் 2 முதல் 7 வயது வரை கண்ணுக்குத் தெரியும் ஒரே அம்சம், இங்கே நீளம், குழந்தையின் முடிவை இழுத்துக்கொண்டு போய்விடும். உருவம் மாறினாலும் அளவு மாறாது என்ற புரிதல் ஏறத்தாழ 7 வயதை ஒட்டி வருகிறது. அந்த அக்கா சொன்ன காரணம் பியாஜேயிடம் ஜெனீவாக் குழந்தைகள் சொன்ன காரணமேதான். பிந்தைய ஆய்வாளர்கள் அவர் சொன்ன வயதுகளைப் பல இடங்களில் முன்னே இழுத்திருக்கிறார்கள், கேள்வி கேட்கும் விதத்தை மாற்றினால் சின்னக் குழந்தைகளும் சரியாகச் சொல்கிறார்கள். ஆனால் குழந்தை 'குறைந்த அறிவுள்ள பெரியவர்' அல்ல, அதற்குத் தனி யோசிக்கும் முறை உண்டு என்ற அவருடைய பார்வை நிற்கிறது.

அப்போ வயசு வர்ற வரைக்கும் சும்மா இருக்கணுமா? ஹோம்ஒர்க்கை நானே போட்டுக் குடுத்துடறேன், இல்லைன்னா முடியறதில்லை.

ரஷ்யாவின் லெவ் வைகாட்ஸ்கி இங்கேதான் கைகொடுக்கிறார். தானாகச் செய்ய முடிவது ஒன்று, தெரிந்தவர் துணையோடு செய்ய முடிவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தில்தான் கற்றல் நடக்கிறது என்றார். பின்னால் வந்தவர்கள் இந்தத் துணையைச் சாரம் என்று அழைத்தார்கள், கட்டிடத்துக்குக் கட்டுகிற அதே சாரம்தான். சுவர் எழும்ப எழும்பச் சாரத்தைப் பிரிப்பார்கள் இல்லையா? முதல் கணக்கைச் சேர்ந்து போடுங்கள், இரண்டாவதில் முதல் வரி மட்டும் சொல்லுங்கள், மூன்றாவதுக்கு அடுப்படிக்குப் போய்விடுங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரங்க அவங்க ஊர்ல கண்டுபிடிச்சது. நமக்கு எப்படிங்க பொருந்தும்?

நியாயமான கேள்வி. ஆராய்ச்சி உலகமே இதைத் தன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1969-இல் மெக்சிகோவில் குயவர் வீட்டுப் பிள்ளைகளிடம் பியாஜேயின் களிமண் சோதனையைச் செய்து பார்த்தார்கள். மண் உருண்டையைத் தட்டையாக்கினாலும் மண் அதே அளவுதான் என்று அந்தப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட நன்றாகச் சொன்னார்கள். தினமும் மண்ணைப் பிசைந்து பார்க்கும் கை. சேலத்தில் யாராவது நெசவு வீட்டுப் பிள்ளைகளிடமும் கொலுசுப் பட்டறை வீட்டுப் பிள்ளைகளிடமும் இப்படிச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இந்தியக் குடும்பத்தைப் பற்றி எழுதியவர்களில் சுதிர் கக்கர் முக்கியமானவர், எரிக்சனோடு பணியாற்றியவர். கூட்டுக் குடும்பத்துக் குழந்தைக்குத் 'தனியாக நிற்பது' மட்டுமே முதிர்ச்சியின் அளவுகோல் ஆகாது. பற்று வேண்டும், படிப்படியாக அறிவு விரியும் என்பவை எங்கும் காணப்படுகின்றன. அவை எந்த வடிவில் வெளிப்படுகின்றன, எந்த வயதில் என்பதை ஊர் முடிவு செய்கிறது.

ஒரு இனிப்பைக் கண்ணு முன்னாடி வெச்சு, பொறுத்தா ரெண்டுன்னு சொல்லி, பொறுக்கற புள்ளதான் முன்னுக்கு வரும்னு வீடியோ பாத்தேன். என் பையன் அரை நிமிஷம் கூட இருக்கலை!

வால்டர் மிஷெல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் செய்தது அது. அதைப் பெரிய அளவில், 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளோடு மறுபடி பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தபோது, பிற்கால வெற்றியோடு இருந்த தொடர்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. 2013-இல் இன்னொரு சிறிய ஆய்வு: முதலில் வாக்குக் கொடுத்து ஏமாற்றிய பெரியவரிடம் குழந்தைகள் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டன, சொன்ன சொல்லைக் காப்பாற்றியவரிடம் நெடுநேரம் பொறுத்தன. தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் வாங்கித் தந்துவிடுங்கள். வீடியோவை மறந்துவிடுங்கள்.

அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா? இனிமே திருத்த முடியாதுன்னு தானே அர்த்தம்?

இந்தப் பழமொழியைக் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறேன். முதல் ஆண்டுகள் முக்கியம்தான், அதைத் தத்துப் பிள்ளை பற்றிய பதிலில் பார்த்தோம். ஆனால் பூட்டு அந்த வயதில் விழுந்துவிடுவதில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் குழுவினரும் நடுவயது வரை தொடர்ந்தார்கள். வறுமை, வீட்டுச் சண்டை, குடி என்று பல பாரங்களோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாகத் தலையெடுத்தார்கள். அவர்கள் வாழ்வில் பெற்றோரோ, தாத்தாவோ, ஆசிரியரோ, அக்கறையுள்ள ஒருவராவது இருந்தார். விடலை வயதில் தடுமாறியவர்களிலும் பலர் முப்பது நாற்பது வயதில் வேலை, படிப்பு, நல்ல துணை என்று நிமிர்ந்தார்கள்.

பையன் வீட்டுல தங்கமா இருக்கான். கூட்டாளிங்களோட சேந்தா ஏற்காடு மலை ரோட்டுல பைக்கை அப்படி ஓட்டறானாம். நல்ல புத்தி சொன்னா மண்டைய ஆட்டறான், மறுபடி அதேதான்.

அவனுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. தனியாக உட்காரவைத்துக் கேட்டால் உங்களைவிடத் தெளிவாகச் சொல்வான். மூளையில் திட்டமிட்டுக் கட்டுப்படுத்தும் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. கிளர்ச்சியையும் பரிசையும் தேடும் பகுதிகளோ பருவமடையும்போதே சூடுபிடித்துவிடுகின்றன. அமெரிக்காவில் கார்ட்னரும் ஸ்டெயின்பர்க்கும் 2005-இல் ஒரு கார் ஓட்டும் விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். தனியாக இருக்கும்போது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைப் போலத்தான் ஓட்டினார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் ஆபத்தான ஓட்டம் வெகுவாகக் கூடியது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

ஆகவே புத்திமதியை விடச் சூழ்நிலையை மாற்றுவது பலன் தரும். 18 வயதுக்கு முன் கியர் வண்டிக்கு உரிமமே கிடையாது, சாவியை உங்கள் கையில் வைத்திருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கூட்டாளிகளோடு போக வேண்டும் என்றால் பஸ் இருக்கிறது. கோபித்துக்கொள்வான். கோபம் ஆறிவிடும்.

டாக்டர் ஆகணும்னு ஆறாவதுலயே முடிவு பண்ணிட்டோம். இப்ப பிளஸ் டூ முடிச்சுட்டு 'எனக்கு என்ன வேணும்னே தெரியலம்மா'ன்றா. இவ்வளவு நாள் தெளிவா இருந்தவளாச்சே?

தெளிவு உங்களுடையதாக இருந்தது. எரிக்சன் இந்த வயதின் வேலையே 'நான் யார்' என்று தேடுவது என்றார். ஜேம்ஸ் மார்சியா 1966-இல் அதை நான்கு நிலைகளாகப் பிரித்தார்: தேடவும் இல்லை முடிவும் இல்லை, தேடாமலே பிறர் தந்த முடிவு, தேடிக்கொண்டிருத்தல், தேடி எடுத்த முடிவு. உங்கள் மகள் இரண்டிலிருந்து மூன்றுக்கு நகர்ந்திருக்கிறாள். வெளியிலிருந்து பார்க்கச் சரிவு போலத் தெரியும், உண்மையில் அது ஒரு படி மேலே.

எரிக்சனே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ஓவியனாக ஊர் ஊராக அலைந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமலே பிற்காலத்தில் ஹார்வர்டில் பேராசிரியர் ஆனார். எரிக்சன் என்ற பெயரே அவர் பெரியவரான பிறகு தானாக வைத்துக்கொண்டதுதான். அவளுக்குக் கொஞ்ச காலம் கொடுங்கள். தூக்கம், சாப்பாடு, தோழமை எல்லாம் குலைந்து, வாழ்வதில் அர்த்தமில்லை என்று பேசினால் மட்டும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நாப்பத்தாறு வயசாச்சு. தறி வேலையை விட்டுட்டுப் புதுசா கத்துக்கலாம்னா மூளை ஏறாதுன்னு வீட்டுல சொல்றாங்க.

வேகம் குறையும், அது உண்மை. ரேமண்ட் கேட்டல், ஜான் ஹார்ன் என்ற உளவியலாளர்கள் அறிவை இரண்டாகப் பார்த்தார்கள்: புதிய சிக்கலைச் சட்டென்று அவிழ்க்கும் திறன் இளமையில் உச்சத்தை அடைந்து மெல்ல இறங்குகிறது, அனுபவத்தில் சேரும் அறிவு முதுமை வரைகூட வளர்கிறது அல்லது நிலைத்து நிற்கிறது. பாவு எண்ணிக்கையைப் பார்த்ததும் நூல் எவ்வளவு தேவைப்படும் என்று சொல்லும் உங்கள் கணக்கு உங்களை விட்டுப் போகாது. இருபது வயதுப் பையனோடு வேகத்தில் போட்டி போடாமல், அந்த அறிவு உதவும் வேலையாகத் தேடுங்கள்.

அம்மா சொன்ன கதையையே திரும்பத் திரும்பச் சொல்றாங்க. மறதி நோய்னு பயமா இருக்கு.

பழைய கதையைத் திரும்பச் சொல்வது பெரும்பாலும் நோய் இல்லை. ராபர்ட் பட்லர் என்ற மருத்துவர் 1963-இல் இதை வாழ்க்கையை மறுபார்வை இடுதல் என்றார். கடந்ததை எடுத்துவைத்துக் கணக்குப் பார்ப்பது முதுமையின் இயல்பான வேலை. 'அப்புறம் என்னம்மா ஆச்சு' என்று கேளுங்கள், ஒவ்வொரு முறையும் ஏதாவது புதிதாக வரும்.

சாவியை வைத்த இடம் மறப்பது வயது. சாவி எதற்கு என்பதே புரியாமல் நிற்பது, தெரிந்த தெருவில் வழி தவறுவது, பத்து நிமிடத்துக்கு முன் சாப்பிட்டதையே மறப்பது, பல வருடமாக வைத்த ரசத்தைச் செய்யத் தெரியாமல் திகைப்பது ஆகியவை நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். மருத்துவரிடம் போங்கள். காது கேட்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள், கேட்காததை மறதி என்று நினைத்துவிடுகிறோம்.

எழுவத்தெட்டு வயசாச்சு கண்ணு. எனக்கு இனிமே என்ன வளர்ச்சி இருக்கப்போகுது?

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்கு வாழ்நாளெல்லாம் போன ஓர் ஆயா என்னிடம் கேட்டது. பால்டஸ் இதற்குப் பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைனைக் காட்டுவார். எண்பது வயதில் எப்படி இவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ரூபின்ஸ்டைன் சொன்னவை மூன்று: குறைவான பாடல்களையே எடுத்துக்கொள்கிறேன், அவற்றை அதிகம் பயிற்சி செய்கிறேன், வேகமான இடத்துக்கு முன்னால் சற்று நிதானித்து வாசிக்கிறேன், அப்போது வேகம் கூடுதலாகக் கேட்கும். தேர்ந்தெடுத்தல், மெருகேற்றல், ஈடுகட்டல் என்று பால்டஸ் இவற்றுக்குப் பெயர் வைத்தார்.

அந்த ஆயாவிடம் ரூபின்ஸ்டைன் கதையைச் சொன்னபோது சிரித்துவிட்டார். சரிவில் ஏறிப் பழம் பறிப்பதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். இப்போது திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து கொட்டை தரம் பிரிப்பது மட்டும்தான். கண் மங்கிவிட்டதால் வெயில் சாய்ந்து விழும் நேரமாகப் பார்த்து உட்காருகிறார், பூச்சி அரித்த கொட்டையை விரல் நுனியால் கண்டுபிடிக்கிறார். பேசிக்கொண்டே ஒரு கொட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொன்னார். எனக்கு எதுவும் தெரியவில்லை. 'இன்னொருக்கா பாரு' என்றார்.